மாடித் தக்காளி

மைசூரு சரஸ்வதிபுரத்துப் பி.ஜி. மாடிகளில் இப்போது தன்னிறைவு பூத்துக் காய்க்கிறது. தொட்டி, தேங்காய்நார், மண்புழு உரம், பூவாளி என்று சகலமும் ஆன்லைனில் வந்திறங்கும். பணம் மட்டும் அப்பா கணக்கு. மூன்று மாதம் பாடுபட்டதில் நாலு தக்காளி. ரசத்துக்குக் காணாது, இன்ஸ்டாகிராமுக்குத் தாராளம்.

இதே ஊரில் முன்பு வாரச் சாப்பாடு என்றொரு ஏற்பாடு இருந்தது. கன்னடத்தில் வாரான்ன. ஏழை மாணவனுக்குத் திங்கள் ஒரு வீடு, செவ்வாய் ஒரு வீடு. ஆறு வீடுதான் அமைந்ததென்றால் ஏழாம் நாள் தானாகவே விரதம்!

கன்னட நாவலாசிரியர் எஸ்.எல். பைரப்பா அந்தக் காலத்து மாணவர். தாயைப் பிளேக் கொண்டுபோனது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, பம்பாய் ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கி, சாதுக்களோடு திரிந்து, மறுபடி மைசூருக்கே படிக்க வந்தார். பிறகு மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் தத்துவ எம்.ஏ., அதுவும் தங்கப் பதக்கத்தோடு. 'பித்தி' என்ற தன்வரலாறு 1996இல்தான் வந்தது. போட்டோ போட அவ்வளவு தாமதம்!

மாடி விவசாயிகளுக்கு ஒரு தகவல்: தேவராஜ மார்க்கெட் டவுன் பஸ் தூரம்தான்.