இரண்டாவது வாழைப்பழம்

2003-இல் தரமணியில் எங்கள் டீம் பாதி வேலையைச் சினிமாவில்தான் பேசி முடித்தது என்று சொன்னால், இன்றைக்கு எனக்கு எதிர் சீட்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். இரண்டு ரிப்போர்ட் கேட்ட இடத்தில் ஒன்றோடு வந்து நிற்பவனை யாரும் திட்ட மாட்டோம். ‘வாழைப்பழம்’ என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். இரண்டு பழம் வாங்கிவரச் சொன்னால் செந்தில் ஒன்றோடு வந்து நிற்கும் ‘கரகாட்டக்காரன்’ படம் வந்து பதினாலு வருஷமாகியும் கவுண்டமணியின் கொதிப்பும் செந்திலின் பால்வடியும் முகமும் அந்த ஒரு சொல்லுக்குள் பத்திரமாக இருந்தன. வசவும் மன்னிப்பும் ஒரே மூச்சில் முடிந்து, டீக்கடைக்கு இறங்கிவிடுவோம்.

கிளையன்ட் சிகாகோவில். அவர்களோடு பேசிப் பழக எங்களுக்கு இரண்டு நாள் வகுப்பு நடந்தது. எங்களைப் போலவே பேஸ்பால் மட்டையைக் கண்ணால் கண்டிராத ஒருவர் ‘பால்பார்க்’, ‘டச் பேஸ்’ எல்லாம் சொல்லிக்கொடுக்க, பத்தாம் வகுப்பில் அருஞ்சொற்பொருள் எழுதிய அதே பயபக்தியோடு எழுதிக்கொண்டேன். அந்த நோட்டு இப்போதும் பரணில் இருக்கிறது.

நோட்டில் இல்லாததுதான் வந்தது. இரவு எட்டரை, அங்கே காலை ஒன்பது. மேசை நடுவில் மூன்று கால் பரப்பித் தவளை மாதிரி உட்கார்ந்திருந்த ஸ்பீக்கர் போனைச் சுற்றி ஆறு பேர் குனிந்திருந்தோம். டேட்டாவை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வேலை பாதியில் சிக்கிக் கிடந்தது. திடீரென்று அந்தப் பக்கத்து ஆள் ‘பிவட்! பிவட்!’ என்று கத்த, சிகாகோ மொத்தமும் சிரித்தது. மியூட் போட்டுக் கூடிப் பேசி, எக்செலில் பிவட் டேபிள் கேட்கிறார்கள் என்று முடிவுசெய்தோம். மறுநாள் மூன்று டேபிள் போட்டு அனுப்பியும் வைத்தேன், கலர் அடித்து.

அடுத்த காலில் அவர் தயங்கித் தயங்கி, “நீங்கள் ஃப்ரெண்ட்ஸ் பார்த்ததில்லையா?” என்றார். “பார்த்தேனே, தியேட்டரில் இரண்டு தடவை. அந்தச் சுத்தியல் தலையில் விழுகிற இடம் பிரமாதம்” என்றேன். போன் செத்துவிட்டதோ என்று நினைக்குமளவு மௌனம். அவர் சொன்னது, 1999-இல் ராஸ் ஒரு சோபாவை மாடிப்படியில் திருப்பச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தும் அமெரிக்கத் தொடர். நான் சொன்னது 2001 பொங்கலுக்கு வந்த நம்ம தமிழ்ப் படம் ‘ஃப்ரெண்ட்ஸ்’, அதில் தலையில் சுத்தியல் வாங்கும் காண்ட்ராக்டர் நேசமணி. யோசித்தால் இரண்டுமே வீட்டு வேலை விவகாரமாகிற கதைதான், ஆனால் அதை இங்கிலீஷில் விளக்குகிற தைரியம் யாருக்கு?

பர்மா பஜாரில் அந்த அமெரிக்கத் தொடரின் விசிடி வாங்கி, ராத்திரி ராத்திரியாகப் பாடம் படித்தேன். எங்கே சிரிக்க வேண்டுமென்று அவர்களே சிரித்துக் காட்டியது பேருதவி. ஒருவழியாக நான் தேறி வருவதற்குள், 2004 மே மாதம், தொடரே முடிந்துபோனது.

2019 மே மாதம் நேசமணிக்காக ட்விட்டரில் உலகமே விளையாட்டாகப் பிரார்த்தித்த அன்று, எப்போதோ தொடர்பு விட்டுப்போன அந்தச் சிகாகோக்காரரிடமிருந்து ஒரு மெயில்: அவர் பிழைத்துவிட்டாரா? பதினெட்டு வருஷத்துக்கு முன் விழுந்த சுத்தியல் அன்றைக்குத்தான் அங்கே போய்ச் சேர்ந்தது.

இப்போது என் டீமில் போலந்துக்காரர் ஒருவர், மணிலாக்காரர் இருவர், மற்றவர்கள் சென்னை. சென்னைப் பிள்ளைகளுக்கு ராஸின் சோபா மனப்பாடம், கரகாட்டக்காரனைத்தான் யாரென்று கேட்கிறார்கள். போன வாரம் இரண்டு ஃபைல் வரவேண்டிய இடத்தில் ஒன்று வந்தது. பழைய வாய் சும்மா இருக்குமா? வாழைப்பழக் கதையை முழுசாக, இங்கிலீஷில், செந்திலின் முகபாவத்தோடு சொல்லி முடித்தேன். போலந்துக்காரர் மரியாதைக்கு ஒரு கட்டைவிரல் ஸ்டிக்கர் போட்டார்.

கால் முடிந்த அடுத்த நிமிடம், கூட்டத்தைக் கேட்டுக் குறிப்பெடுக்கும் ஏஐ எல்லோருக்கும் சுருக்கம் அனுப்பியிருந்தது. நாலாவது வரி: இரண்டாவது வாழைப்பழம் நிலுவை. பொறுப்பு: செந்தில். கெடு: வெள்ளிக்கிழமை.