கோடைமழைக்குக் கரண்ட் போன பொழுது: ஓர் இலக்கணம்

கரண்ட் போவது மூன்று வகைப்படும். முதலாவது, சொல்லிவிட்டுப் போவது. மாதாந்திரப் பராமரிப்புக்கென்று காலையில் நிறுத்தி மாலையில் தருவார்கள். முதல் நாளே மாவாட்டி, தொட்டியில் தண்ணீர் ஏற்றிவிடுவதால் இதில் வியப்பும் இல்லை, களிப்பும் இல்லை. இரண்டாவது, பற்றாக்குறையால் போவது. 2012-இல் நாள்தோறும் பல மணி நேரம் புழுக்கத்தில் கிடந்த தமிழ்நாட்டு ஊர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மூன்றாவது, கோடைமழையோடு போவது.

முதல் இரண்டும் எடுத்துக்கொண்டதற்கு எதையும் திருப்பித் தருவதில்லை. மூன்றாவது, விசிறியை நிறுத்திவிட்டுக் காற்றைத் தருகிறது. ஈடு கொடுக்கும் மின்தடை இது ஒன்றே. ஒரு கிராமத்துக் குடும்பம் இதைக் கொண்டாடுவதற்கு வேர் இந்த ஈட்டில்தான் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு. தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்னும் முறையிலேயே இதை நிறுவலாம். நிலத்துக்குத் திண்டுக்கல் மாவட்டத்து நத்தம் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம்.

முதற்பொருள்

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். நத்தம் வட்டாரத்தில் ஒரு பக்கம் கரந்தமலை, ஒரு பக்கம் சிறுமலை. இடையில் மாந்தோப்பும் புளியமரமும். பெரும்பொழுது இளவேனில், அதாவது சித்திரையும் வைகாசியும். சிறுபொழுது எற்பாடு என்னும் பிற்பகலும் மாலையும்.

காலையில் இந்த மழை வருவது அரிது. அதற்குக் காரணம் உண்டு. வெயில் தரையைக் காய்ச்ச வேண்டும். தரை காற்றைச் சூடாக்க வேண்டும். ஈரமுள்ள அந்தக் காற்று மலைச்சரிவில் ஏறி, பத்து கிலோமீட்டருக்கும் மேல் முகிலாக உயர வேண்டும். இவ்வளவும் நடந்து முடிய பிற்பகல் மூன்று, நான்கு மணி ஆகிவிடுகிறது. முகிலிலிருந்து இறங்கும் மழைத்துளிகளில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகிச் சுற்றியுள்ள காற்றைக் குளிர்விக்கிறது. குளிர்ந்து கனத்த காற்று கீழே விழுந்து, தரையில் மோதி, நாலாபுறமும் பரவுகிறது. முதல் துளிக்கு முன்பே கதவை அறைந்து சாத்தும் காற்று இதுதான். சில நிமிடங்களில் வெப்பம் பத்து டிகிரி வரை இறங்கிவிடுவதும் உண்டு. கூடவே மண்வாசனையும் வருகிறது. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் அதற்கு முக்கியக் காரணம். மிக மிகக் குறைந்த அளவில் இருந்தாலும் மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும்.

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியைத் தருவது ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி வரும் வடகிழக்குப் பருவம். கோடைமழையின் பங்கு ஏறக்குறைய ஏழில் ஒன்று. அளவில் சிறியதாயினும் உடம்பு அதிகம் வெந்திருக்கும்போது வருவதால் மதிப்பில் அது பெரியது.

கரண்ட்டைக் கொண்டுபோவதும் அதே காற்றுதான். ஒரு வேப்பங்கிளை உயரழுத்தக் கம்பியில் சாய்ந்தால், துணைமின் நிலையத்து ரிலே அதை உணர்ந்து, கண் மூடித் திறப்பதற்குள் பிரேக்கரை விழச் செய்கிறது. ஊழியர் ஒருமுறை மீண்டும் போட்டுப் பார்க்கிறார். கிளை விலகியிருந்தால் கரண்ட் நிலைக்கும். விலகாவிட்டால் மறுபடி போகும். வந்து வந்து போவதன் பொருள் இதுவே. காற்று பலமானால் முன்கூட்டியே நிறுத்திவிடுவதும் உண்டு. “ஒரு தூத்தலுக்கே நிறுத்திர்றாங்க” என்று ஊர் குறைப்படுகிறது. அறுந்த கம்பி ஈரத் தரையில் கிடந்தால் அவ்வழியே போகும் ஆளும் மாடும் பிழைப்பதரிது. அதனால் நிறுத்துவதே முறை.

கருப்பொருள்

கருப்பொருள் என்பது நிலத்துக்குரிய தெய்வம், உணவு, மரம், விலங்கு, பறை, தொழில் முதலியன. இங்கே தெய்வம், அர்ச்சுனன். இடி இடிக்கும்போது அவன் பெயரைச் சொன்னால் அச்சம் தீரும் என்பது அப்பத்தாக்களின் கொள்கை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுகிறார்கள். ஒலி மூன்று வினாடியில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் போகும். ஆகவே ஒன்பது எண்ணினால் இடி விழுந்த இடம் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால். இவ்விரு வழிகளும் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் நடக்கலாம், ஒன்றுக்கொன்று பகையில்லை.

உணவு, வறுத்த புளியங்கொட்டை, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய மாங்காய்க் கீற்று, மத்தியானத்துச் சோற்றுக்குச் சுடச்சுட ஒரு ரசம். மரம், மாவும் புளியும் வேம்பும். விலங்கு, மழைக்கு முன்பே கத்தத் தொடங்கும் வெள்ளாடு. பறை, தகரக் கொட்டகை மேல் விழும் மழை.

பூச்சி, ஈசல். தெருவெங்கும் விளக்கு எரியும்போது ஊர் முழுக்கச் சிதறும் ஈசல், ஒரே விளக்கு எரிகிற வீட்டில் மொத்தமாக வந்து இறங்கும். விளக்கடியில் அகன்ற சட்டியில் தண்ணீர் வைத்தால் அதில் வந்து விழும். வறுத்துத் தின்னும் வீடும் உண்டு. கோழிக்குப் போடும் வீடும் உண்டு.

தொழில், பத்து நிமிட ஓட்டம். “மலைப்பக்கம் கறுத்திருச்சு, புளிய அள்ளுங்கடா” என்று அப்பத்தா குரல் கொடுத்ததும் இது தொடங்குகிறது. வாசலில் காயும் புளியை ஒருவர் சாக்கில் அள்ளுகிறார். மாடியில் காயும் வடகத்தைத் துணியோடு சுருட்டிக்கொண்டு ஒருவர் இறங்குகிறார். மாடு கொட்டகைக்கும், கோழிக்குஞ்சுகள் பஞ்சாரத்துக்கும், காய்ந்த விறகு அடுப்படிக்கும் போகின்றன. டிவி பிளக்கைப் பிடுங்குவது பையனின் பொறுப்பு. தாழ்வாரத்து நீர் விழும் இடத்தில் அண்டா வைப்பது மருமகளின் பொறுப்பு. இந்த ஓட்டம் இல்லாமல் பின்வரும் மகிழ்ச்சி இல்லை. புளி நனைந்த வீட்டில் யாரும் மழையை ரசிப்பதில்லை.

உரிப்பொருள்

உரிப்பொருள் என்பது நிலத்துக்குரிய ஒழுக்கம். இங்கே அது ஓரிடத்தில் கூடியிருத்தல். மின்சாரம் உள்ள வீட்டில் விளக்குக்கு ஒருவர், விசிறிக்கு ஒருவர், டிவிக்கு ஒருவர் என்று ஆட்கள் பிரிந்து போகிறார்கள். ஒரே விளக்கு எரியும் வீட்டில் அதன் வெளிச்சம் எட்டும் தூரமே குடும்பத்தின் எல்லை. சார்ஜ் குறைந்த போனை அணைத்துவைத்த பையனும் அந்த எல்லைக்குள் வந்துவிடுகிறான். அய்யா தாயக்கட்டையை எடுக்கிறார். எந்தக் காற்றில் எந்த மரம் விழுந்தது என்ற வரிசையில் அப்பத்தா ஊர் வரலாறு சொல்கிறார். ஆண்டு எண் இல்லாத வரலாறு. மரமே அதில் காலக்கணக்கு. பகலில் முகம் பார்த்துச் சொல்லத் தயங்கிய கடன் கணக்கையும், சின்னவளுக்கு வந்த வரனையும் இந்த அரையிருட்டில் பெரியவர்கள் எடுத்துப் பேசி முடிக்கிறார்கள்.

விலக்கும் உண்டு. ஒன்று, தோப்பையே நம்பிப் பிழைக்கிற வீட்டுக்கு இதே காற்று ஆண்டு வருமானத்தை ஓர் இரவில் உதிர்த்துவிடும். அவ்வீட்டில் உரிப்பொருள் இரங்கல். அன்று அங்கே போய் உட்கார்ந்து, மறுநாள் காய் பொறுக்கக் கைகொடுப்பதே பக்கத்து வீட்டின் கடமை. இரண்டு, இடி நிற்கும் முன் மாங்காய் பொறுக்க ஓடுவது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும்வரை மரத்தடிக்குப் போகக் கூடாது. மாங்காய் காத்திருக்கும்.

இறுதி நிலை, “வந்துருச்சு!” என்ற கூச்சல். தெரு முழுதும் ஒரே குரலில் எழும். சில இரவுகளில் எதிர்வரிசைக்கு வந்து நமக்கு வராது. டிரான்ஸ்பார்மரிலிருந்து மூன்று பேஸ் வருகிறது. வீடுகள் அவற்றில் ஒவ்வொன்றாகப் பிரித்து இணைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றில் மட்டும் பியூஸ் போயிருந்தால் நம் இருட்டு இன்னும் கொஞ்ச நேரம் நீளும்.

முடிவு

இந்த மகிழ்ச்சியை நமக்கு முடித்துத் தருபவர் ஒருவர் இருக்கிறார். நாம் புளியங்கொட்டை வறுக்கும் நேரத்தில், ரப்பர் கையுறையும் டார்ச்சுமாக, ஈரக் கம்பத்தடியில் நிற்கும் லைன்மேன் அவர். எங்கே கிளை சாய்ந்தது என்று கம்பி வழியே தேடிப் போவது அவர் வேலை. அந்த நேரத்தில் போன் போட்டு அவரைத் திட்டுவதால் கரண்ட் முன்னதாக வராது. அறுந்து கிடக்கும் கம்பியைப் பார்த்தால் கிட்டப் போகாமல், யாரையும் போகவிடாமல், உடனே தகவல் சொல்லுங்கள். பங்குனியில் அவர் அரிவாளோடு வந்து, கம்பியில் உரசும் உங்கள் வீட்டு வேப்பங்கிளையைக் கழிக்கக் கேட்டால் மறுக்காதீர்கள். மரம் மறுபடி துளிர்த்துக்கொள்ளும்.