பிளாட்டன் அண்ணாச்சி

சிவகாசி அச்சகங்களில் ஏசி ஓடும் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். ஏசி, பிளேட் போடும் மெஷினின் உடல்நலத்துக்காக. அந்தக் குளிரில் குரங்குக் குல்லாவோடு ஓரமாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர்தான் பிளாட்டன் அண்ணாச்சி. ஊருக்கு ஒருவர் அல்ல, கிட்டத்தட்ட அச்சகத்துக்கு ஒருவர். பென்டிரைவோடு யார் வந்தாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "பிளாட்டன் பண்ணியாச்சா?"

காகிதத்துக்கு அரை மனசு கிடையாது என்பது அண்ணாச்சியின் மதம். மை பட்டால் பட்டதுதான், படாவிட்டால் வெள்ளை. மங்கலாகத் தெரிவதெல்லாம் பொடிப் புள்ளிகள் செய்யும் கண்கட்டு. டிசைனர்களோ எல்லாவற்றையும் பாதி காட்டிப் பாதி மறைக்கப் பிறந்தவர்கள். பூவுக்குப் பின்னால் பெயர், பெயருக்குக் கீழே நிழல், நிழலைச் சுற்றி ஒளி.

1984-ல் அடோபி கொண்டுவந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியில் இந்தப் பாதி சமாச்சாரத்துக்கு இடமே இல்லை. மேலே வைத்தது கீழே இருப்பதை மறைக்கும், கதை முடிந்தது. 2001-ல் பிடிஎஃப் 1.4 வந்ததும் ஃபைலுக்குள் எல்லாம் கண்ணாடியாகிவிட்டது. அன்றைய பிளேட் மெஷின்களுக்கோ பழைய மொழிதான் தெரியும். ஆகவே ஒன்றன்மேல் ஒன்று கிடப்பதையெல்லாம் துண்டு துண்டாக வெட்டி, மேலும் கீழும் கலந்தால் என்ன நிறம் வருமோ அதை அந்தந்தத் துண்டுக்குப் பூசி, இடைவெளி தெரியாமல் அடுக்க வேண்டியதாயிற்று. இதுதான் பிளாட்டன். வெட்டுவது சாஃப்ட்வேர். வசவு வாங்குவது அண்ணாச்சி.

ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியாகும். அதோடு அவர் தூக்கம் போய்விடும். முருகன் படம் ஒன்று வருகிறது. தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், அதற்கு ஐந்தாவது கலராகத் தங்கம். கீழே ஜவுளிக்கடையின் பெயர், அதில் பாதிவரை மயில்தோகையின் நிழல்.

"தம்பி, அந்த எழுத்தைத் தூக்கி எல்லாத்துக்கும் மேல வைங்க."

"ஏன் அண்ணாச்சி, ஸ்கிரீன்ல நல்லாத்தானே இருக்கு?"

"ஸ்கிரீன்ல எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க."

தூக்கி வைக்காவிட்டால், நிழல் பட்ட எழுத்துகள் எழுத்தாக இல்லாமல் வெறும் உருவமாகி ஒரு சுற்றுப் பெருத்துவிடும். 'ஜவுளி' குண்டாகவும் 'மாளிகை' ஒல்லியாகவும் அச்சாகும். நிழலோடு கலந்த அவசரத்தில் தங்கத்தையும் நாலு கலராகப் பிரித்துவிட்டால், முருகன் தலைக்குப் பின்னால் பலமுறை துவைத்த மஞ்சப்பை நிறம்தான் மிஞ்சும்.

இதையெல்லாம் சமாளித்து முடித்த பிறகு வெள்ளைக் கோடு வரும். வெட்டி அடுக்கிய துண்டுகளுக்கு நடுவே ஸ்கிரீனில் மயிரிழைபோல ஒன்று தெரியும். எவ்வளவு பெரிதாக்கினாலும் அது தடிக்காது. தடிக்காவிட்டால் அச்சிலும் அநேகமாக வராது. அண்ணாச்சிக்கு இது தெரியும். செல்போனில் பார்க்கும் கடை முதலாளிக்குத் தெரியாதே! "வேல்ல கீறல் விழுந்திருக்கே, கடைக்கு ஆகுமா?" என்று அவர் கேட்டால், பிடிஎஃப் இலக்கணமா விளக்க முடியும்? பிரிண்ட் எடுத்துக்கொண்டு நேரே கடைக்கே ஓட வேண்டியதுதான்.

கல்யாண வீட்டிலும் மனுஷன் சும்மா இருப்பதில்லை. பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் பையிலிருந்து லென்ஸை எடுத்துப் பத்திரிகையின்மேல் கவிழ்ப்பார். "மாப்பிள்ளை பேரு புள்ளி புள்ளியா உடைஞ்சிருக்கு, பொண்ணு பேரு சுத்தமா இருக்கு" என்று அவர் முணுமுணுத்ததைப் பக்கத்து நாற்காலிக்காரர் வேறு அர்த்தத்தில் கேட்டுவைத்து, ஒரு மண்டபத்தில் பெரிய விசாரணையே நடந்தது.

இதற்கிடையே உலகம் மாறிவிட்டது. 2006-ல் அடோபி அறிவித்த பிடிஎஃப் பிரிண்ட் எஞ்சின் வழியில் வந்த மெஷின்கள் கண்ணாடி சமாச்சாரத்தைத் தாமே புரிந்துகொள்ளும். அதை வெட்டாமல் அனுப்பச் சம்மதிக்கும் பிடிஎஃப் எக்ஸ்-4 என்ற தர வரையறையும் வந்தாயிற்று. புதிதாகச் சேர்ந்த பையன் இதைப் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தான்.

"இனிமே பிளாட்டன் வேண்டாம் அண்ணாச்சி, அப்படியே அனுப்பலாம்."

"அனுப்பலாம். பிளேட் வீணாப் போச்சுன்னா காசு நீ கட்டுறியா?"

எனக்கென்னவோ பையன் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் படுகிறது. வெட்டுகிற வேலையைக் கடைசி நிமிஷம்வரை தள்ளிப்போடுவதே நல்லது. எந்த மெஷினில் ஓடப்போகிறது என்று தெரிந்த பிறகு வெட்டினால் சேதம் குறையும். ஆனால் எழுத்துக்கும் கோட்டுக்கும் அங்குலத்துக்கு 1200 புள்ளி, நிழலுக்கு 300 என்ற கணக்கைக் கந்த சஷ்டி கவசத்துக்கு அடுத்தபடியாக மனப்பாடம் செய்து வைத்திருப்பவரிடம் அதை யார் சொல்வது? கண்ணாடியையே அனுமதிக்காத பழைய பிடிஎஃப் எக்ஸ்-1ஏ தவிர வேறெதையும் அவர் தொடமாட்டார்.

பிளேட்டுக்குப் போகும் நேரத்தில் ஜவுளி மாளிகையிலிருந்து போன்.

"அண்ணாச்சி, கடை நம்பர்ல கடைசி ஆறை எட்டாக்கிருங்க."

"அது இப்ப நம்பர் இல்லைங்க, படம்."

"சரி, படத்துலயே எட்டாக்கிருங்க."

அண்ணாச்சி போல்டரைத் திறக்கிறார். 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'இதுதான் ஃபைனல்'. மூன்றையும் அவரே பிளாட்டன் பண்ணி, அதே பெயரில் சேவ் செய்திருக்கிறார். குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு பையன் பக்கம் திரும்புகிறார்.

"தம்பி, அப்படியே அனுப்பலாம்னு ஒரு ஃபைல் வச்சிருந்தியே, அதை அழிச்சிரலையே?"