கணப்புக்கு விசிறி வைத்த படலம்

விசிறி என்பது யாதோவெனின், காற்றைக் கிளப்பி அறையைக் குளிர்விப்பது என்பர் நம்மவர். இவ்வரையறை பிழை என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக் களம்: அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் என் மகளும் மாப்பிள்ளையும் வாங்கியிருக்கும் பழைய பண்ணை வீடு. ஆய்வுக் காலம்: மார்கழிக் கடைசியும் தையும். ஆய்வாளர்: ஓய்வு பெற்ற தமிழாசிரியர்; வெளியே மைனஸ் 20 டிகிரி என்பதால் வேறு வேலை இல்லாதவர்.

முதற்கண் முன்னோர் கருத்து. நெடுநல்வாடையில் நக்கீரர் ஒரு மூதூரின் கூதிர்க்காலத்தைக் காட்டுகிறார். அங்கே விசிறிகளைச் சுருக்கி மாட்டிவிட்டார்கள். சிலந்தி நூல் படிந்து அவை சும்மா தொங்குகின்றன. சில அடிகள் தள்ளி, மக்கள் வாயகன்ற தடவில், அதாவது கணப்புச் சட்டியில், நெருப்புக் காய்கிறார்கள். ஆக, கணப்பு உள்ளே வந்தால் விசிறி முளைக்குப் போய்விட வேண்டும் என்பது சங்கத்தார் முடிபு. நெற்றிக்கண்ணுக்கே அஞ்சாதவரோடு முரண்படத் தயக்கம்தான். ஆனால் நக்கீரர் காட்டும் கணப்பு, ஆள் இருக்கும் இடத்துக்குத் தூக்கிப் போகக்கூடிய சட்டி. மாப்பிள்ளை வீட்டுக் கணப்போ கூடத்து மூலையில் ஊன்றிய இரும்புப் பெட்டி. ஒரு கன்றுக்குட்டி எடை இருக்கும். எங்கள் படுக்கையறை அதிலிருந்து நாற்பதடி தள்ளி, நடைவழியின் கடைசியில்.

கூடத்தில் 27 டிகிரி, அறையில் 14. ஒரே கூரையின் கீழ் சித்திரையும் மார்கழியும். கூடத்தில் பனியனோடு டீ குடித்துவிட்டு, கம்பளி போர்த்திக்கொண்டு படுக்கப் போனேன். காரணம் தேடினால், கணப்பின் வெப்பத்தில் பெரும்பகுதி வெயில் போலக் கதிராய்ப் பாய்வது. நேரே போகும், சுவரைக் கண்டால் நின்றுவிடும், முனை திரும்பத் தெரியாது. மீதி காற்றைச் சூடாக்குகிறது. அந்தக் காற்று மேலே போய், கதவு நிலையின் தலைக்கட்டைக்கு மேல் குளம்போலத் தேங்குகிறது. அதாவது, விலை கொடுத்து வாங்கிய விறகால் நாங்கள் ஒட்டடையைக் குளிர்காய வைத்துக்கொண்டிருந்தோம்.

சிவஞான சித்தியார் பிறர் கொள்கைகளைப் பரபக்கத்தில் மறுத்த பின்னரே தன் கொள்கையைச் சுபக்கத்தில் வைக்கும். அம்முறையே இங்கும் கொள்ளப்படும்.

பரபக்கத்தாருள் மூத்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின். புகையை நேரே வெளியேற விடாமல், உள்ளீடற்ற இரும்புப் பெட்டியின் பின்புறமாகக் கீழே இறக்கி, அதன் சூட்டைப் பிடுங்கிக்கொண்டு அனுப்புவது அவர் யோசனை. 1744-இல் சிறுநூலே எழுதினார். தேடி வந்த காப்புரிமையையும் வேண்டாம் என்றார். பெருந்தன்மை மெச்சத்தக்கது. புகைதான் ஒத்துழைக்கவில்லை. புகைபோக்கி நன்றாகச் சூடேறாதவரை, கீழே இறங்கச் சொன்னால் வீட்டுக்குள்ளேயே திரும்பி வரும். பின்வந்தவர்கள் அந்த இறங்குவழியை எடுத்துவிட்டு, அவர் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நம்மூர் அரசியலுக்கு இது புதிதல்ல.

அடுத்தவர் பழைய பண்ணை வீட்டுக்காரர்கள். கணப்புக்கு நேர் மேலே கூரையில் ஓட்டை போட்டு வார்ப்பிரும்புச் சல்லடை பதித்தார்கள். சூடு மாடிக்குப் போயிற்று; கீழே பெரியவர்கள் பேசியதெல்லாம் மாடியில் படுத்திருந்த பிள்ளைகளுக்கும் போயிற்று. நெருப்பும் புகையும் அதே வழியாக ஏறிவிடும் என்பது இதற்குள்ள இரண்டாம் ஆட்சேபம். முதல் ஆட்சேபமே போதுமானது என்பது என் மனைவி கட்சி.

மூன்றாவது, சீபெக் மதம். இருவேறு உலோகங்கள் சேரும் இடங்களில் ஒன்று சூடாகவும் மற்றது குளிராகவும் இருந்தால் தோன்றும் மின்விளைவைச் சீபெக் 1821 வாக்கில் கண்டார். அந்த வழியில் பிறந்த குட்டி விசிறி ஒன்று மாப்பிள்ளையின் கணப்புத் தலையில் உட்கார்ந்திருக்கிறது. கம்பி இல்லை, பிளக் இல்லை. அடிப்பாகம் சுட்டு, மேலுள்ள செதில்கள் ஆறியிருந்தால் அந்த வேற்றுமையிலேயே சுழலும். தன் சம்பளத்தைத் தானே சம்பாதித்துக்கொள்ளும் இப்படியொரு ஊழியரை நான் பணிக்காலத்தில் கண்டதில்லை. ஆனால் அதன் அதிகாரம் கூடத்தோடு சரி. நடைவழிக்குள் அதன் ஆணை செல்லாது.

நான்காவது, சீலிங் ஃபேன். குளிர்காலத்தில் அதைப் போட்ட அன்று என் மனைவி, “மாப்பிள்ளைக்கு உடம்புக்கு ஏதும் பண்ணுதா?” என்று மகளைத் தனியே கூப்பிட்டுக் கேட்டாள். அந்த ஃபேனில் ஒரு சிறு சுவிட்ச் உண்டு. திருப்பிவிட்டால் எதிர்ப்பக்கம் சுழன்று காற்றை மேலே தள்ளும். கூரையில் தேங்கிய சூடு சுவரோரமாக இறங்கும். இங்கே ஒரு நுட்பம் கொள்க: விசிறி எந்தக் காற்றையும் குளிர்விப்பதில்லை. நம் தோலின் வியர்வையையும் வெதுவெதுப்பையும் வாரிக்கொண்டு போகிறது, அவ்வளவே. ஆளில்லாத அறையில் ஓடும் ஃபேன், மோட்டார் சூட்டால் அறையை மயிரிழை சூடாக்கவே செய்யும். ஊரில் பூட்டிய அறையில் ஃபேனை ஓடவிட்டு “ரூம் ஜில்லுன்னு ஆகட்டும்” என்பவர்கள் கவனிக்க.

ஐந்தாவதும் அனைவருக்கும் இயல்பாகத் தோன்றுவதும் என் கொள்கை. கணப்புக்குப் பின்னால் பெடஸ்டல் ஃபேனை நிறுத்தி, சூட்டை நடைவழியில் ஊதிவிடுவது. முழு வேகத்தில் மூன்று நாள் ஊதினேன். பீய்ச்சிய சூடான காற்று பத்தடிக்குள் கலைந்து மேலேறிவிட்டது. அறைக் குளிர் வெளியே வரவேண்டிய அதே நடைவழியில் நான் எதிர்த்து ஊதியதால் அதுவும் வழியின்றி உள்ளேயே நின்றது. ஒருவழிப் பாலத்தில் இரண்டு பஸ்.

“மாமா, ஃபேனை உங்க ரூம் வாசல்ல தரையில வச்சு, கணப்பைப் பார்த்துத் திருப்புங்க,” என்றார் மாப்பிள்ளை.

“குளிரை எதுக்கு மாப்பிள்ளை நெருப்புக்கு அனுப்பணும்?”

“நீங்க குளிரை வெளிய அனுப்புங்க. சூடு தானா உள்ள வரும்.”

இதுவே சுபக்கம். குளிர்காற்று அடர்த்தி மிக்கது, ஆகவே தள்ள எளிது என்று இதற்குக் காரணம் சொல்வாருண்டு. 27-க்கும் 14-க்கும் இடையே அடர்த்தி வேற்றுமை ஏறத்தாழ 4 சதவீதமே. அதை நம்பி ஒரு மதம் நிறுவ முடியாது. மெய்க்காரணம், குளிர் தரையோடும் சூடு கூரையோடும் போக ஏற்கெனவே விரும்புகின்றன; விசிறி போகிற பக்கம் தள்ளிக்கொடுக்கிறது. கணக்கும் சொல்லலாம். 10 டிகிரி வேற்றுமையில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 12 கிலோஜூல் சுமக்கும். அறைக்கு 1.5 கிலோவாட் போய்ச்சேர நொடிக்கு 125 லிட்டர் காற்று வேண்டும்: 15 லிட்டர் குடத்தால் எட்டுக் குடத்துக்குச் சற்று மேல். டேபிள் ஃபேன் ஒன்றாம் நம்பரிலேயே இதை இறைத்துவிடும்.

நிரூபிக்க, டிஷ்யூ பேப்பரைக் கீற்றாகக் கிழித்து அறை நிலையின் தலைக்கட்டையில் ஒட்டினோம். கீழே ஃபேன் வெளிப்பக்கமாக ஊத, மேலே தாள் உட்பக்கமாக, எங்கள் கட்டிலைப் பார்த்து வணங்கிற்று. இரண்டு மணி நேரத்தில் 18 டிகிரி. நான் மாப்பிள்ளையிடம் ஒன்றும் சொல்லவில்லை. கம்பளியை மட்டும் மடித்து வைத்தேன்.

பொங்கலன்று மனைவி நிலைகளுக்கெல்லாம் மஞ்சள் குங்குமம் வைத்தாள். அந்த வேகத்தில் தாளுக்கும் ஒரு பொட்டு. அன்று மேப்பிள் பாகு கொண்டுவந்த பக்கத்துப் பண்ணை அம்மையார் தாளையே பார்த்துக்கொண்டு நின்று, இது உங்கள் வழக்கமா, வீட்டுக்கு நல்லதா என்று கேட்டார். நான் நக்கீரரிலிருந்து தொடங்கத் தொண்டையைச் செருமுவதற்குள், மாப்பிள்ளை ஆமாம் என்று சொல்லிவிட்டார்.

மறுவாரம் அந்த அம்மையார் வீட்டுக்குப் போயிருந்தோம். படுக்கையறை நிலையில் ஒரு தாள் தொங்கியது. சிவப்புப் பொட்டும் இருந்தது. விசிறியைத்தான் காணோம்.