படி என்னும் அளவை

படி என்ற சொல்லுக்கு ஏறும் படி, அளக்கும் படி என இரு பொருள் உண்டு. சக்கர நாற்காலியில் வாழ்பவருக்கு இரண்டும் ஒன்றே. தூரத்தை அவர் படியால்தான் அளக்கிறார்.

இந்தக் கணக்கில், அம்பத்தூரிலிருந்து சிங்கப்பூர் போகிறவரின் நெடும்பயணம் நிலைவாசலுக்கும் தெருவுக்கும் நடுவில் இருக்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பின் கொரட்டூர், அம்பத்தூர், ஆவடிப் பக்கம் வீடு கட்டியவர்கள் பேஸ்மட்டத்தை உயர்த்தினார்கள். பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதும் ஒரு காரணம். தண்ணீர் புகுந்த வீட்டில் ஓரிரவு இருந்தவர் யாரும் உயர்த்தியதைக் குறை சொல்லமாட்டார். ஆனால் சாய்தளத்தின் விதி 1:12. மூன்றடி உயரத்துக்கு 36 அடி நீளம் வேண்டும். நடுவில் இளைப்பாறச் சமதளம் தனி. அரை கிரவுண்டு மனையின் வாசலில் அதற்கு இடமேது? கொத்தனார் செங்குத்தாகப் பூசிவிட்டுப் போகும் சரிவு ஸ்கூட்டர் ஏற்றத்தான் உதவும்.

விமானத் துறையும் மனிதரைப் படியை வைத்தே வகுக்கிறது. படி ஏறுவார், நெடுந்தூரம் நடக்கமாட்டார்: ஒரு வகை. படி ஏற இயலாது, விமானத்துக்குள் நடப்பார்: இரண்டாவது. இருக்கைவரை கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டியவர்: மூன்றாவது. நம் வகையை டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். இந்திய விதி 48 மணி நேர அவகாசம் கேட்கிறது. மின் நாற்காலியானால் பேட்டரியின் கணக்கையும் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. 24 வோல்ட், 12 ஆம்பியர்-மணி என்றால் 288 வாட்-மணி. கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரிக்கு வரம்பு 300.

நாற்காலியைச் சரக்கறைக்குத் தள்ளிப்போகும் நிமிடம் கொடியது. அது உடைந்தால் மாண்ட்ரியல் உடன்படிக்கை பெட்டிகளோடு சேர்த்தே எண்ணுகிறது. 2024 டிசம்பர் 28 முதல் இழப்பீட்டின் உச்சம் 1,519 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு); நம் பணத்தில் ஏறத்தாழ இரண்டு லட்சம். உடம்புக்கு அளந்து செய்த நாற்காலி ஒருவருடைய கால். காலைப் பெட்டியாக எண்ணுவது தவறு, அது மாற வேண்டும். அதுவரை, ஒப்படைக்கும்போதே உண்மையான மதிப்பை எழுதிக் கொடுக்க அதே உடன்படிக்கை வழி வைத்திருக்கிறது. கூடுதல் கட்டணம் கேட்டாலும் அதை விடக்கூடாது.

சிங்கப்பூரில் 2020 டிசம்பர் முதல் பொதுப் பேருந்துகள் எல்லாவற்றிலும் சக்கர நாற்காலி ஏறும். ஓட்டுநரே இறங்கி வந்து சாய்பலகையை விரிக்கிறார். அங்கே லிட்டில் இந்தியாவில் தனியாக இறங்கி, தனியாகப் பூ வாங்கி, தனியாக அறைக்குத் திரும்பியவர், விடியற்காலையில் அம்பத்தூர் வாசலில் கார் நின்றதும் அக்கம்பக்கத்தாரை எழுப்பச் சொல்கிறார். உயிரோடிருப்பவரை நாலு பேர் தூக்குவது அவருக்குப் பிடிப்பதில்லை. மூன்றடிதான். தூக்குகிறார்கள்.