பைப்புக்கும் பொருத்தம் பார்க்கணும்

ரெவிட் மென்பொருளில் ஸ்பிரிங்க்ளர் லைன் வரைவது சுலபம். கோட்டை இழுத்தால் திருப்பத்தில் எல்போ தானாக வந்து உட்காரும். எந்த எல்போ என்பதில்தான் சம்பந்தம் முறியும்.

சைட்டில் வழக்கம் என்ன? 50 மி.மீ. வரை மரை, 65-இலிருந்து குரூவ் வெட்டி கப்ளிங். ஒரே லைனில் இரண்டு கோத்திரம். எந்த அளவுக்கு எந்த ஃபிட்டிங் என்று சொல்லும் ரூட்டிங் பிரிஃபரன்ஸ் பட்டியலில் அளவு வரம்பு போடாமல் விட்டால், மென்பொருள் மேலிருந்து பொருந்தும் முதல் வரியைப் பிடித்துக்கொள்ளும். கைக்கு வந்த முதல் ஜாதகத்தையே முடித்துவைக்கும் தரகர் மாதிரி. 100 மி.மீ. மெயினுக்கும் மரை எல்போ! திரையில் அழகாகத்தான் இருக்கும்.

மெயின் குரூவ், 25 மி.மீ. கிளை மரை என்றால் மெக்கானிக்கல் டீ போடலாம் என்று ஃபிட்டர் தூக்கத்தில்கூடச் சொல்வார். மாடலுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்தத் தப்பு அப்படியே அளவுப் பட்டியலில் ஏறி, ஆர்டராகி, லாரியில் வந்து இறங்கும்.

அந்தப் பட்டியலில் வரிக்கு நிரப்ப வேண்டியது இரண்டே கட்டம்: குறைந்தபட்சம், அதிகபட்சம். முகூர்த்தத்துக்கு முன்பே நிரப்பிவிடுங்கள்.