புரட்டாதிச் சனியும் காகத்தின் தாமதமும்: ஓர் ஆய்வு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் புரட்டாதிச் சனிக்கிழமைகளில் மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தீர்மானிப்பது மணிக்கூடு அல்ல, காகம். கோயிலில் எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வந்து, வாழையிலைத் துண்டில் சோறு கறி படைத்து மதிலில் வைத்து, காகம் வாய் வைத்த பிறகுதான் விரதகாரர் சாப்பிட இருக்கலாம். மற்ற நாளில் குசினி வாசல்வரை வந்து மீன்தலையைத் தூக்கிக்கொண்டு போகிற அதே பறவை, அன்றைக்குத் தொண்டை வறளக் கூப்பிட்டாலும் வராது. ஊரெல்லாம் சோறு வைப்பதால் அதற்கு வயிறு நிரம்பிவிட்டது என்பது பொதுக் கருத்து. இது பாதிதான் சரி என்பதே இக்கட்டுரையின் துணிபு.

குற்றம் உணவில்தான் என வாதிடுவோரும் உளர். பிரித்தானியாவில் வீட்டுத் தோட்டத்துப் பறவைகளுக்கு மாப்புழு வைக்கிறார்கள். நம் மாப்பேணிக்குள் ஓடும் செவ்வண்டின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கருவண்டின் மஞ்சள் நிறப் புழு அது. ஓர் அங்குல நீளம், காயவைத்தால் எடையில் ஏறக்குறையப் பாதி புரதம். அதற்காக ராபின் பறவை மனிதரின் உள்ளங்கைக்கே வந்துவிடும். அப்படியானால் எள்ளுச் சோற்றின்மேல் நாலு புழுவைத் தூவினால் என்ன? விரதம் காகத்துக்கு இல்லையே என்று வாதாடலாம்தான். ஆனால் புழுப் பொட்டலம் விரதக் குசினியின் படி ஏறாது. இதைவிட வலுவான மறுப்பு மலாயாவிலிருந்து வருகிறது. யாழ்ப்பாணத்தார் ரயில்வே உத்தியோகத்துக்குக் கப்பலேறிய காலத்தை ஒட்டியே, இலங்கைக் காகங்களும் கிள்ளானுக்குக் கொண்டுபோகப்பட்டன. கோப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்பதே அவற்றுக்கான உத்தியோகம். போனவை பட்டணத்துக் குப்பையைக் கண்டுபிடித்துப் பல்கிப் பெருகி, கடைசியில் அவற்றைச் சுட ஆள் பிடிக்க வேண்டியதாயிற்று. புழுவைக் காட்டிக் காகத்தை ஓரிடத்தில் நிறுத்த முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நம்மூரிலேயே மாரியில் முருங்கை அடியில் மயிர்க்கொட்டி அப்பிக் கிடக்கிறது. அதைத் துணிந்து தின்பது குயிலினந்தான்.

இனி வயிறு நிரம்பிய கதைக்கு வருவோம். காகம் இலையில் முதலில் கொத்துவது அப்பளத்தை. வடையைக் காலால் அமுக்கிப் பிய்க்கும். பாவற்காயை அலகால் தள்ளிவிடும். மிச்சத்தைக் கொண்டுபோய் ஓட்டு இடுக்கில் செருகிவைக்கும். பதுக்கி வைக்கத் தெரிந்த ஒன்றுக்கு வயிறு நிரம்புவது ஒரு தடையே அல்ல. தடை எதுவென்றால், ஒழுங்கை முழுவதும் ஒரே நேரத்தில் இலை வைப்பது. இருக்கிற காகங்கள் எத்தனை மதிலுக்குத்தான் போகும்?

தீர்வுக்கு முன்னுதாரணம் இருக்கிறது. 2022இல் எரிபொருள் தட்டுப்பட்டபோது வாகன இலக்கத்தின் கடைசி எண்ணைப் பார்த்து நாள் ஒதுக்கினார்கள். அதுபோல ஒற்றை இலக்க வீடுகள் முற்பகல் 11 மணிக்கும் இரட்டை இலக்க வீடுகள் 12 மணிக்கும் இலை வைக்கலாம். நல்ல நேரம் தவறுமே என்பார்க்கு: சனியில் ராகுகாலம் 10.30க்கு முடிகிறது, எமகண்டம் 1.30க்குத்தான் தொடங்குகிறது, இரண்டு பந்திக்குத் தாராளமாக நேரமுண்டு. இலக்கத் தகடு விழுந்துபோன வீடுகளை இரண்டாம் பந்தியில் சேர்க்கலாம். பக்கத்து வீட்டு இலையில் காகம் வாய் வைத்ததை வேலிப் பொட்டுக்குள்ளால் பார்த்துவிட்டுத் தாங்கள் சாப்பிட இருப்போரின் விடயம் தனி ஆய்வுக்குரியது.